இன்றைக்கா, நாளைக்கா?

பெண்பிள்ளைகள் கடைவீதியில் இன்பம் காண்கிறார்கள் என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். நாங்கள் இப்பள்ளியில் படித்த நாள்களில், நல்லொழுக்க வகுப்பில் ‘ஆடம்பரம்’ என்ற பேச்சு வந்தபோதெல்லாம் ஜவுளிக் கடையும் வளையல் கடையும்தாம் எடுத்துக்காட்டாக வந்து நின்றன. அந்தக் கண்டிப்பில் நியாயம் இல்லை என்று வாதாட நாங்கள் வரவில்லை. ஆனால், வாங்குவதில் உள்ள இன்பம் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தது என்று எண்ணுவது தவறு. பொருளைக் கண்டதும் மூண்டு, அதை வீட்டில் கொண்டுவந்து வைத்ததும் அணைந்துபோகும் இன்பம் ஒன்று உண்டு. விற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, அன்றைய அடுப்புக்கு வேண்டியதை மட்டும் கூடையில் போட்டுக்கொண்டு திரும்பும் இன்பம் வேறொன்று. இந்த இரண்டாவது இன்பம் பழிக்கத் தக்கதன்று, பழகத் தக்கது என்பதே எங்கள் கட்சி.

இந்த எண்ணம் எங்களுக்கு உண்டானது பிரான்சு நாட்டின் தென்பகுதியில். இப்பள்ளியின் பழைய மாணவியராகிய நாங்கள் இருவரும் மேற்படிப்புக்காக அவிஞோன் நகரில் ஓராண்டு தங்கியிருந்தோம். அங்கிருந்து ரயிலில் ஏறினால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் கார்ப்பாந்த்ரா என்னும் சிறு நகரம் வரும். நீண்ட காலம் பயணிகள் வண்டி இல்லாதிருந்த அந்தத் தடத்தில் 2015ஆம் ஆண்டு மீண்டும் ரயில் விட்டார்கள். அந்தப் புண்ணியத்தை அனுபவித்தவர்களில் நாங்களும் சேர்த்தி. 1274 முதல் 1791 வரை அந்த வட்டாரம் பிரெஞ்சு மன்னருக்கு உரியதாக இல்லை. பாப்பரசரின் ஆட்சிக்கு உட்பட்ட நாடாகவே இருந்தது. கார்ப்பாந்த்ராதான் அதன் தலைநகர். ஊர் நடுவே தூய சிஃப்ரேன் ஆலயம் நிற்கிறது. நம் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த ஆணியால் செய்ததென்று காலங்காலமாகப் போற்றப்படும் குதிரைக் கடிவாளம் ஒன்று அங்கே இருக்கிறது. நகரின் சின்னமும் அதுவே. அந்த ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடும். வெள்ளிக்கிழமை முற்பகல் எங்களுக்கு வகுப்பு இல்லாமல் போனது ஆண்டவர் செய்த உபகாரம்.

விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்துவிடுகின்றன. மடக்கு மேசைகளை விரித்து, மேலே துணிப் பந்தலை இழுத்துக் கட்டி, எட்டு மணிக்குள் ஒரு வீதி முழுவதையும் கடையாக்கிவிடுவார்கள். யார் எங்கே கடை விரிப்பது என்பதை நகராட்சியின் ஆள் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நிரந்தர இடம் பெற்றவர்கள் தத்தம் இடத்தில் நிற்க, இடம் இல்லாதவர்கள் அன்று வராமல் போனவர் எவராவது உண்டா என்று காத்திருந்து கேட்டு வாங்குகிறார்கள். கடை எத்தனை மீட்டர் நீளமோ அதற்கேற்ற வாடகை. பகல் ஒரு மணிக்கெல்லாம் கலைந்துவிடும். குளிர்காலத்தில் ‘மிஸ்திரால்’ என்ற வடகாற்று அடித்தால் பந்தல் துணிகள் கப்பல் பாய்போலப் படபடக்கும். கீரை விற்கும் அம்மாள் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுச் சில்லறை எண்ணுவார்.

முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் செய்த பிழைகளைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேரே ஒரு கடை முன்னால் போய், “இரண்டு கிலோ உருளைக்கிழங்கு” என்றோம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, மிக நிதானமாக, “பொன்ழூர்” என்றார். வணக்கம் என்று பொருள். நாங்களும் “பொன்ழூர்” என்றோம். அதன் பிறகுதான் அவர் கை உருளைக்கிழங்கின் பக்கம் போயிற்று. அந்த நாட்டில் வணக்கம் சொல்லாமல் கேட்பது, கதவைத் தட்டாமல் பிறர் வீட்டு அடுக்களைக்குள் நுழைவதற்குச் சமம். அடுத்த பிழை, பேரம். “கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்” என்று நாங்கள் சிரித்துக்கொண்டே சொன்னபோது, பக்கத்தில் நின்ற ஒரு தாய் எங்களுக்குப் பணம் போதவில்லையோ என்று இரக்கத்தோடு பார்த்தார். விலையும், பொருள் விளைந்த நாடும், அதன் தரமும் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எழுதிய விலைதான் விலை. பேரமே பேசாமல் வாங்குவது உப்பில்லாத சோறு போல எங்களுக்குச் சில வாரம் ருசிக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாவது பிழைதான் பெரிது. முலாம்பழக் கடையில் ஒரு பழத்தை எடுத்து, நம் ஊர் வழக்கப்படி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். “தொடக் கூடாது” என்று ஓர் அதட்டல். பல கடைகளில் நாமே பொறுக்கிக்கொள்ளச் சிறு தட்டு கொடுப்பார்கள். ஆனால் முலாம்பழம் போன்றவற்றைக் கடைக்காரர்தாம் எடுத்துத் தர வேண்டும். விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்ற எங்களிடம் அவர் கேட்டார்: “எப்போது சாப்பிடப் போகிறீர்கள்? இன்றைக்கா, நாளைக்கா?”

எங்களுக்கு விளங்கவில்லை. எப்போது சாப்பிட்டால் இவருக்கு என்ன? “தெரியவில்லை” என்றோம். அவர் கையிலிருந்த பழத்தைத் திரும்பக் குவியலில் வைத்துவிட்டார். கோபம் ஒன்றும் இல்லை. தெரியாதவருக்கு எந்தப் பழத்தைத் தருவது என்ற திகைப்பு மட்டுமே. பின்னால் நின்ற பெண்மணி, “இரண்டு வேண்டும், ஒன்று இன்று மதியத்துக்கு, மற்றது ஞாயிற்றுக்கிழமைக்கு” என்றார். உடனே அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு பழமாக எடுத்துக் காம்புப் பக்கத்தை முகர்ந்தார், கையில் ஏந்தி எடை பார்த்தார், காம்பைச் சுற்றி விழுந்திருந்த மெல்லிய விரிசலைப் பார்த்தார். ஒன்றின் மீது ‘இன்று’ என்றும் மற்றதன் மீது ‘ஞாயிறு’ என்றும் பென்சிலால் எழுதாத குறையாகப் பிரித்துக் கொடுத்தார். பக்கத்து ஊராகிய கவாயோன் முலாம்பழத்துக்குப் பேர்போனது. ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ எழுதிய அலெக்சாந்தர் துய்மா, 1864ஆம் ஆண்டில் அந்த ஊர் நூலகத்துக்குத் தம் நூல்களைக் கொடுக்க இசைந்து, அதற்கு ஈடாக ஆண்டுக்குப் 12 முலாம்பழம் ஆயுள் முழுதும் அனுப்ப வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அப்பழத்தைத் தின்ற பிறகு, அவர் ஏமாந்துவிட்டார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பாலாடைக்கட்டிக் கடையிலும் இதே கேள்விதான். செஸ்ட்நட் இலையில் பொதிந்து நாரால் கட்டிய ‘பனோன்’ என்ற ஆட்டுப்பால் கட்டி அவ்வட்டாரத்துச் செல்வம். நாளாக ஆக அது உள்ளே குழைந்துகொண்டே வரும். இன்றைக்கு வேண்டுமா, மூன்று நாள் கழித்தா என்று தெரிந்தால்தான் எதை எடுப்பதென்று கடைக்காரிக்குத் தெரியும். எத்தனை பேர் சாப்பிடுவார்கள், குழந்தைகள் உண்டா, வாடை பிடிக்குமா என்று அடுத்தடுத்துக் கேட்பார். ‘கோம்தே’ என்னும் மலைநாட்டுக் கட்டி வண்டிச் சக்கரம்போல் இருக்கும். ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ, அதற்குச் சுமார் 400 லிட்டர் பால். அதிலிருந்து மெல்லிய கீற்று ஒன்றை அறுத்து, வாங்குவதற்கு முன் நாவில் வைத்துப் பார்க்கச் சொல்வார். பசியோடு சந்தைக்குப் போன நாள்களில் இந்த அம்மாளின் கடை முன் நாங்கள் இரண்டு முறை வரிசையில் நின்றதுண்டு. பெரிய பாவம் அன்று என்றே நினைக்கிறோம்.

வரிசை என்றோம், உண்மையில் வரிசை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கும்பலாகத்தான் நிற்பார்கள். ஆனால் தமக்கு முன் வந்தவர் யார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தக் கும்பலில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியை வாரந்தோறும் பார்த்தோம். சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வருவார். வாங்குவது இரண்டு லீக்ஸ் தண்டு, மூன்று காரட், ஒரு கொத்து மல்லிபோன்ற இலை. அதற்குப் பத்து நிமிடம் ஆகும். “எப்போது சமைக்கப் போகிறீர்கள், மதாம்?” என்று கடைக்காரர் கேட்டுவிட்டால் போதும், மகன் வருவதாகச் சொன்னது, பிறகு வரவில்லை என்று சொன்னது, சூப் வைப்பதா வேண்டாமா என்ற யோசனை, முழங்கால் வலி எல்லாம் வரும். நாங்கள் ரயிலுக்கு நேரமாகிறதே என்று கால் மாற்றி நின்றோம். வேறு யாரும் அப்படி நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. கடைக்காரர் எங்களிடமே, “அந்த மதாமைப் பார்த்தீர்களா?” என்று விசாரித்தார். வேறொருவர் அவர் தெருவில் குடியிருப்பவராம்; இரண்டு லீக்ஸும் மூன்று காரட்டும் அவர் கையில் கொடுத்தனுப்பப்பட்டன. பணம் வாங்கவில்லை. அடுத்த வாரம் பாட்டி வந்து, முதலில் போன வாரத்துப் பாக்கியைக் கொடுத்துவிட்டு, தமக்கு வந்த சளிக்காய்ச்சலைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். அன்று நாங்கள் கால் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமைச் சந்தை ஆகையால் மீன் கடை முன் கூட்டம் அதிகம். கோவிலுக்குப் போகாதவர்கள் பெருகிவிட்ட நாடுதான். ஆயினும் வெள்ளிக்கிழமை மீன் என்ற பழக்கம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறைகளில்கூட இன்னும் மிச்சமிருக்கிறது. சுத்தபோசனத்தின் காரணம் மறந்துபோய், கறி மட்டும் நினைவிருக்கிறது என்று சகோதரிகள் வருந்தலாம். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து அவித்து, அவித்த காய்களோடு, பூண்டையும் ஆலிவ் எண்ணெயையும் உரலில் இடித்துச் சேர்த்த ‘ஆயோலி’ என்ற குழம்பைத் தொட்டுச் சாப்பிடுவது அப்பகுதியின் வெள்ளிக்கிழமை உணவு. கருவாடும் பூண்டும் நமக்குப் புதிதல்லவே! எங்கள் விடுதி அறையில் அதைச் செய்தபோது மாடி முழுவதும் மணத்தது. எங்களைத் தவிர எல்லாரும் சன்னலைத் திறந்தார்கள்.

பருவம் மாறுவதை நாங்கள் நாள்காட்டியில் பார்க்கவில்லை, சந்தையில்தான் பார்த்தோம். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை ‘ட்ரூஃப்’ என்னும் கறுப்பு நிலத்தடிக் காளான். கிலோவுக்குப் பல நூறு யூரோ என்பதால் நாங்கள் மூக்கால் மட்டுமே வாங்கினோம். வசந்தத்தில் ஆஸ்பரகஸ் தண்டுகள் கட்டுக்கட்டாக வரும். நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு அது உறவு. கூடவே கார்ப்பாந்த்ராவின் ஸ்ட்ராபெர்ரி. பிறகு செர்ரி, பிறகு முலாம்பழம், கோடை முதிர்ந்தால் வாந்தூ மலையடிவாரத்து மஸ்கத் திராட்சை. எப்போதும் கிடைப்பவை நியோன்ஸ் ஊர்க் கறுப்பு ஆலிவ் காய்களும், ‘பெர்லாங்கோ’ என்ற நான்கு முனை மிட்டாயும். பழப்பாகில் செய்து வெள்ளைக் கோடு போட்ட அந்த மிட்டாயை இப்பள்ளியின் சிறு மாணவியருக்கு ஒரு பை கொண்டுவந்தோம். அது தலைமையாசிரியைச் சகோதரியின் மேசையோடு நின்றுவிட்டதாகக் கேள்வி.

ஒரு கடையை மட்டும் நாங்கள் கடக்கும்போதெல்லாம் நின்றுவிடுவோம். மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் பூவும் கொடியும் அச்சிட்ட மேசை விரிப்புகள் அங்கே தொங்கும். புரொவான்ஸ் பகுதியின் சொந்தக் கலை என்று பயணிகள் வாங்கிப்போகிறார்கள். அந்தத் துணிக்குப் பழைய பெயர் ‘அந்தியேன்’, அதாவது இந்தியாக்காரி. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து, அதிலும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும், சாயம் போகாத பூத்துணிகள் பிரான்சுக்குப் போயின. மக்கள் அதன்மேல் மோகம் கொண்டதில் உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூக்குரலிட, 1686ஆம் ஆண்டு அரசு அதைத் தடை செய்தது. தடை 1759 வரை, 73 ஆண்டுகள் நீடித்தது. மன்னரின் ஆணை செல்லாத பாப்பரசர் நாடாகிய அவிஞோனில் சிலர் அதைப் பார்த்துப் பார்த்து அச்சிடக் கற்றார்கள். இன்று தொங்குபவற்றில் பெரும்பாலானவை இயந்திர அச்சு, எங்கே அச்சானவையோ! ஆனாலும் நம் கரையின் சாயக்காரர் யாரோ ஒருவர் வரைந்த மாங்காய் வடிவம் அங்கே காற்றில் ஆடுவதைக் கண்டு, ஊர் ஞாபகத்தில் ஒரு சிறு கைக்குட்டை வாங்கினோம். இது முதல் வகை இன்பமா, இரண்டாம் வகையா என்று எங்களைக் கேட்க வேண்டாம்.

இனி, எங்கள் கட்சிக்கு எதிராகச் சொல்லத் தக்கவற்றை மறைப்பது முறையன்று. கடை விரித்திருப்பவர் எல்லாரும் தாமே பயிரிட்டவர்கள் அல்லர். மொத்தச் சந்தையில் பெட்டியாக வாங்கி வந்து விற்பவர்கள் பலர். பலகையைக் கவனித்துப் படித்தால் ஸ்பெயின் தக்காளியும் மொரோக்கோ பீன்ஸும் தெரியும். பல பொருள்கள் பேரங்காடியில் மலிவு. 1963ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகே சேன்த் ழென்வியேவ் தே புவா என்ற ஊரில் கார்ஃபூர் நிறுவனம் 2,500 சதுர மீட்டரில் அந்நாட்டின் முதல் மாபெரும் பேரங்காடியைத் திறந்தது. இறைச்சியும் சோப்பும் சட்டையும் ஒரே கூரையின்கீழ். காரை நிறுத்த இடம். யாரோடும் பேச வேண்டியதில்லை. பத்தே ஆண்டில், சிறு வணிகரைக் காக்கவென்று, பெரிய கடை திறக்க அனுமதி வேண்டும் என 1973இல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. வேலைக்குப் போய் மாலை ஏழு மணிக்குத் திரும்பும் தாய், வெள்ளிக்கிழமை காலையில் பாலாடைக்கட்டியைச் சுவைத்துக்கொண்டு நிற்க முடியுமா? முடியாது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. நாங்களும் பாலும் அரிசியும் பேரங்காடியில்தான் வாங்கினோம். அங்கே ஒருவரும் எங்களை எதுவும் கேட்டதில்லை. ஓராண்டில் அந்தக் கடையில் நாங்கள் பேசிய சொற்களை எண்ணினால், ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக்கூடக் காணாது.

பிரெஞ்சு மக்களின் விருந்து முறையை 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தபோது, நல்ல பொருளை, கூடியவரை அவ்வட்டாரத்துப் பொருளைத் தேடி வாங்குவதும் அம்முறையின் பகுதி என்றே குறித்தது. ஆனால் அதைவிட உறுதியான சான்று எங்களுக்கு வேறொன்றில் கிடைக்கிறது. கொரோனாக் கொள்ளைநோயின்போது, 2020 மார்ச் 23 அன்று, திறந்தவெளிச் சந்தைகளை மூடுவதாக அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார். பேரங்காடிகள் திறந்தே இருந்தன. ஆகவே பட்டினி கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் ஊர் ஊராக மேயர்கள் தங்கள் சந்தைக்கு விலக்கு வேண்டும் என்று மாவட்ட அதிகாரிகளிடம் மனுச் செய்தார்கள். பல இடங்களில் கடைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு நடத்த அனுமதி கிடைத்தது. வெறும் காய்கறிக்காக மட்டுமா அந்த மனுக்கள்? அந்த லீக்ஸ் பாட்டியைப் போன்றவர்கள் எத்தனை பேர் அந்த ஊர்களில் இருந்திருப்பார்கள்!

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் சந்தையின் பாதியை மட்டும் காட்டியவர்களாவோம். ஒரு மணி ஆகிறது. பந்தல் இறங்குகிறது. அப்போது வேறு சிலர் வருகிறார்கள். கூடை இல்லாமல், பையோடு வருகிறார்கள். கடைக்காரர்கள் விட்டுப்போன பெட்டிகளில் அடிபட்ட பீச் பழம், நுனி வாடிய முள்ளங்கி, வெடித்த தக்காளி ஆகியவற்றைப் பொறுக்குகிறார்கள். மாணவர்கள் உண்டு, நன்றாக உடுத்திய முதியவர்களும் உண்டு. போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையை நாம் விவிலியத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. அன்யேஸ் வார்தா என்ற அம்மையார் 2000ஆம் ஆண்டு, இப்படிப் பொறுக்குகிறவர்களைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். சில கடைக்காரர்கள் நல்ல காய்களையும் ஒரு பெட்டியில் தனியே போட்டு, ஒன்றும் தெரியாதவர்போல முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியில் சாமான் ஏற்றுவதைப் பார்த்தோம். போவாசும் தம் ஆள்களிடம் அப்படித்தானே சொல்லிவைத்தார். இந்த மனிதர்களை எவரும் “இன்றைக்கா, நாளைக்கா?” என்று கேட்பதில்லை. நாங்கள் இன்பம் என்று எழுதுவது எல்லாருக்கும் எட்டிய இன்பம் அன்று என்ற எண்ணம், கூடை நிறைந்த கையோடு ரயிலுக்கு நடந்த பல வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு கூடவே வந்தது. பிற்பாடு, ஒரு மணிக்கு முன் கிளம்புவதை நிறுத்திக்கொண்டோம். பெட்டிகளை ஓரமாக அடுக்க ஒரு கடைக்காரருக்குக் கை கொடுப்போம். அதற்கு மேல் பெருமையாகச் சொல்ல ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை விடைபெறப் போனோம். ஓராண்டுக்கு முன் எங்களை அதட்டிய முலாம்பழக் கடைக்காரர் கடைக்கு முன்னால் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. “பொன்ழூர்” என்றோம். அவர் கேட்பதற்கு முன்பே, “ஒரு பழம். நாளைக் காலை பத்து மணிக்கு, பாரிசுக்குப் போகும் ரயிலில், இரண்டு பேர் சாப்பிடுவதற்கு” என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. இது விளையாட்டுக் காரியம் அன்று. ஏழெட்டுப் பழங்களை எடுத்து முகர்ந்து வைத்தார். ஒன்றைத் தேர்ந்து, பிறகு மனம் மாறி அதையும் வைத்துவிட்டு, அடிப்பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்தார். “இரவு வெளியே வையுங்கள், குளிர்ப்பெட்டியில் வேண்டாம்” என்றார். மறுநாள் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ரயில் வடக்கே ஓடிக்கொண்டிருந்தபோது, மடியில் செய்தித்தாளை விரித்து அதை அறுத்தோம். மணி பத்தேகால். எதிர் இருக்கையில் இருந்த பெண்மணி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, எந்தச் சந்தையில் வாங்கியது என்று கேட்டார். அவருக்கும் ஒரு கீற்றுக் கொடுத்தோம்.